லெஃப்ட் கார்னர்காரரின் ஒரே ரைடு

இந்த வருஷம் கோயில் கொடைக்கு எங்கள் சித்தப்பாவுக்கு மேடையில் பொன்னாடை போட்டார்கள். கொடை முடிந்த மறுநாள் ராத்திரி எங்கள் ஊரில் மின்னொளி கபடி நடக்கும். ஃபைனல் ஆரம்பிக்கும் முன்னால் பழைய ஆட்டக்காரர்கள் மூன்று நாலு பேரை மேடையேற்றி மரியாதை செய்வது கொஞ்ச வருஷமாக உள்ள பழக்கம். செய்துங்கநல்லூருக்கும் கருங்குளத்துக்கும் நடுவில் ஆற்றுப் பக்கமாக உள்ளே போனால் எங்கள் ஊர். வாழையும் நெல்லும் போக, பையன்களுக்குக் கபடிதான் எல்லாம். மைக் பிடித்த தம்பி சித்தப்பா பெயரைச் சொல்லிவிட்டு, "1996 தைப்பொங்கல் ஃபைனல்ல கடைசி ரைடுல ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்து நமக்குக் கப்பு வாங்கிக் குடுத்த அண்ணாச்சி" என்று முழங்கினான். ஒரே விசில். சின்னப் பையன்கள்கூட எழுந்து நின்று கை தட்டினார்கள், அவர்கள் பிறப்பதற்கு வெகு காலம் முந்தைய ரைடு அது.

சித்தப்பா துண்டை வாங்கிக்கொண்டு முகம் மலராமல் இறங்கி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ரைடு போனவன்னு சொல்லுதாம்லே. நான் எந்தக் காலத்துல ரைடரா இருந்தேன்?" என்றார்.

அவர் சொன்னது சரி. சித்தப்பா 1988லிருந்து 2001 வரை எங்கள் டீமுக்கு லெஃப்ட் கார்னர். வருகிற ரைடரின் கணுக்காலைப் பிடிப்பதுதான் அவர் வேலை. இத்தனை வருஷத்தில் அவர் பாடிப் போனது பத்துத் தடவை இருந்தால் அதிகம், அதுவும் களத்தில் வேறு ஆளே இல்லாதபோது மட்டும். ஊரில் இன்று அவரை எதற்காக நினைவு வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பத்தில் ஒரு ரைடுக்காக.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. திரும்பத் திரும்ப பில் மாசரோஸ்கி நினைவுதான் வந்தது. அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதுகிறேன்.

நான் வேலை விஷயமாக மூன்று வருஷம் பிட்ஸ்பர்க்கில் இருந்தேன். நம் ஆட்களுக்கு அந்த ஊர் என்றால் பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி கோயில். எனக்கும் முதலில் அதுதான். ஆபீசில் என்னோடு வேலை பார்த்த ஒரு வயதானவர் அக்டோபர் 13ஆம் தேதி அரை நாள் லீவு போடச் சொல்லி என்னை ஓக்லாண்ட் பகுதிக்கு அழைத்துப் போனார். பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவில் கொடி படர்ந்த பழைய செங்கல் சுவர் ஒன்று நிற்கிறது. ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் என்ற மைதானம் அங்கே இருந்தது. இடித்துவிட்டார்கள், சுவரில் ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரடியில் மடக்கு நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1960 அக்டோபர் 13 அன்று அங்கே நடந்த ஆட்டத்தின் ரேடியோ வர்ணனையை முதலிலிருந்து கடைசி வரை போடுகிறார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் இதைச் செய்கிறார்கள். மதியம் 3.36க்கு, அன்றைக்கு ஆட்டம் முடிந்த அதே நிமிஷத்தில், வர்ணனையும் முடிகிற மாதிரி.

முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எதிர் அணி ரன் எடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள், தங்கள் ஆள் அடித்தால் கை தட்டுகிறார்கள். எனக்கு அது புதிதாகவே இல்லை. சுடலைமாடன் கதை தெரியாமலா நாம் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறோம்? அங்கே போய் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் ஆகிவிட்டேன்.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வேர்ல்ட் சீரிஸ் என்பது அங்கே வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் இறுதித் தொடர், முதலில் 4 ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை. 1960ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸும் நியூயார்க் யாங்கீஸும் ஆளுக்கு 3 ஜெயித்து 7வது ஆட்டத்துக்கு வந்தார்கள். யாங்கீஸ் அசுர பலம் உள்ள அணி. தொடர் முழுக்கச் சேர்த்து அவர்கள் எடுத்த ரன் 55, பைரேட்ஸ் எடுத்தது 27. அவர்கள் ஜெயித்த ஆட்டங்களை அடித்து நொறுக்கி ஜெயித்தார்கள், இவர்கள் தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பரிசே தோற்ற யாங்கீஸின் பாபி ரிச்சர்ட்சனுக்குத்தான் போனது, அந்தப் பரிசு தோற்ற அணிக்குப் போன ஒரே தடவை அது.

7வது ஆட்டத்தில் பைரேட்ஸ் பின்தங்கியிருந்தார்கள். ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் ஒரு முறை மட்டை பிடிக்கும். 8வது இன்னிங்ஸில் ஒரு பந்து தரையில் எதிலோ பட்டு எகிறி, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நின்று தடுக்கும் யாங்கீஸ் ஷார்ட் ஸ்டாப் டோனி கூபெக்கின் தொண்டையில் அடித்தது, அங்கிருந்துதான் ஆட்டம் திரும்பியது. அதே இன்னிங்ஸில் ஹால் ஸ்மித் என்பவர் பந்தைச் சுவருக்கு வெளியே தூக்கி (நம் சிக்ஸ் மாதிரி, அங்கே அதை ஹோம் ரன் என்பார்கள்) ஒரே அடியில் 3 ரன் எடுத்து பைரேட்ஸை 9-7 என்று முன்னால் கொண்டுபோனார். ஆட்டம் அதோடு முடிந்திருந்தால் பிட்ஸ்பர்க்கில் இன்று ஹால் ஸ்மித்துக்குத்தான் சிலை. ஆனால் யாங்கீஸ் 9வதில் 2 ரன் எடுத்துச் சமன் செய்துவிட்டார்கள். ஹால் ஸ்மித்தை உலகம் மறந்தது அந்த இரண்டு ரன்னால்.

9வது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில், பைரேட்ஸ் மட்டை பிடிக்கும் முறை வந்தபோது, முதல் ஆளாக மாசரோஸ்கி வந்தார். பந்து போட்டவர் ரால்ஃப் டெர்ரி. முதல் பந்தை விட்டார். இரண்டாவது பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அங்கே நின்ற யோகி பெர்ரா திரும்பி அண்ணாந்து பார்த்ததோடு சரி. 10-9. வேர்ல்ட் சீரிஸின் 7வது ஆட்டம் இப்படிக் கடைசி அடியாக ஒரு ஹோம் ரன்னில் முடிந்தது அந்த ஒரே முறைதான். சுவரடியில் அந்த வர்ணனை வந்தபோது என்னை அழைத்துப் போனவர் அழுதுவிட்டார். சின்னப் பையனாக வகுப்பில் இருந்தபோது இதை ரேடியோவில் கேட்டாராம்.

திரும்பி வரும்போது காரில் அவர் ஒன்று சொன்னார். அதுதான் என் மனசில் இத்தனை வருஷம் கிடக்கிறது. மாசரோஸ்கி அந்த ஹோம் ரன்னால்தான் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற பேஸ்பால் சாதனையாளர் கூடத்துக்குள் போனார் என்று நாடு முழுக்கச் சொல்கிறார்கள், அது அவருக்குச் செய்கிற அநியாயம் என்றார்.

கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது அந்த ஹால் ஆஃப் ஃபேம். நியூயார்க் மாநிலத்தில். உள்ளே போவது லேசு இல்லை. குறைந்தது 10 சீசன் ஆடியிருக்க வேண்டும், ஓய்வு பெற்று 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும், அப்புறம் பேஸ்பால் பத்திரிகையாளர்கள் போடுகிற வாக்கில் 75 சதவீதம் வாங்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் மறு வருஷம் பட்டியலிலேயே பெயர் இருக்காது. முழு வாக்கும் வாங்கிய ஒரே ஆள் 2019ல் மரியானோ ரிவேரா. (நெருக்கடியில் கடைசியாக வந்து ஆட்டத்தை முடிப்பதையே தொழிலாக வைத்திருந்த அந்த ரிவேராவும் 2001 வேர்ல்ட் சீரிஸின் 7வது ஆட்டத்தைக் கடைசி இன்னிங்ஸில் கோட்டைவிட்டவர்தான். அதற்காக ஒருவர்கூட அவருக்கு வாக்கை மறுக்கவில்லை, அதை நான் ரொம்ப மதிக்கிறேன்.)

மாசரோஸ்கி பத்திரிகையாளர்கள் வாக்குப் பட்டியலில் 15 வருஷம் இருந்தும் 75ஐத் தொடவில்லை. கடைசியில் 2001ல் பழைய ஆட்டக்காரர்களுக்கான தனிக் குழு ஒன்றுதான் அவரைத் தேர்ந்தெடுத்தது. உடனே சண்டை. 17 சீசனில் 138 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .260. இதை வைத்துக்கொண்டு இந்த ஆளுக்கு எப்படி இடம் கொடுத்தார்கள், ஒரு அடிக்கா, என்று கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள்.

அவர் பேட்டை வைத்துக் கணக்குப் பார்ப்பதே தப்பு. அவர் செகண்ட் பேஸ்மேன், அதாவது ஓடுகிறவர்கள் தொட வேண்டிய இரண்டாவது இடமான செகண்ட் பேஸ் பக்கம் நின்று தடுப்பவர். நம் கிரிக்கெட் பாஷையில் சொன்னால், ஒரே பந்தில் இரண்டு பேரை ரன் அவுட் ஆக்குவதை பேஸ்பாலில் டபுள் ப்ளே என்பார்கள். ஷார்ட் ஸ்டாப் தரையோடு வரும் பந்தை எடுத்து செகண்ட் பேஸுக்கு எறிவார். செகண்ட் பேஸ்மேன் அதை வாங்கி, பேஸை மிதித்து, தன் காலை நோக்கிச் சறுக்கி வருகிற ஆளுக்குத் தப்பி, உடம்பைத் திருப்பி, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். கண் மூடித் திறக்கும் நேரம்தான் இருக்கும். மாசரோஸ்கி கையில் பந்து வந்தது தெரியாது, போனதுதான் தெரியும். கையே இல்லாதவர் என்று அவருக்குப் பட்டப்பெயர். 1,706 டபுள் ப்ளே. செகண்ட் பேஸ்மேன்களில் இதற்குமேல் செய்தவர் கிடையாது. 1966ல் ஒரே சீசனில் 161. நல்ல தடுப்பாட்டத்துக்குக் கொடுக்கும் கோல்ட் குளோவ் விருது எட்டுத் தடவை. 17 வருஷமும் ஒரே அணி.

யோசித்துப் பாருங்கள், 1,706 தடவை அடுத்தவர் கை ஓங்குகிற நேரத்தில் இந்த மனுஷன் அதை வெட்டி விட்டிருக்கிறார். அதில் எத்தனை கடைசி இன்னிங்ஸில் நடந்திருக்கும், எத்தனை ஆட்டம் அதனால் மிஞ்சியிருக்கும். நெருக்கடியில் கை கொடுப்பது என்றால் எனக்கு அதுதான் முதலில் வருகிறது. வராத ரன்னை யார் எண்ணுவார்கள்? ஹோம் ரன் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

2001ல் ஏற்புரைக்கு நின்றவர், தடுப்பாட்டத்துக்கும் இந்தக் கூடத்தில் இடம் உண்டு என்கிற மாதிரி ஆரம்பித்து, தொண்டை அடைத்து, கையில் எழுதி வைத்திருந்ததைப் படிக்க முடியாமல் சில நிமிஷத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஹோம் ரன்னைப் பற்றிப் பேச வந்தவர் இல்லை அவர்.

ஒரு கணத்தை வைத்து ஆளை உள்ளே விடக் கூடாது என்பதற்கு எனக்குப் பெரிய ஆதாரம் 1988. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் கிர்க் கிப்சனுக்கு இரண்டு காலிலும் அடி, நடக்கவே கஷ்டம். வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம், 9வது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், ஒரு ரன் பின்தங்கியிருக்கிறார்கள். நொண்டிக்கொண்டே வந்து டென்னிஸ் எக்கர்ஸ்லியின் பந்தில் ஹோம் ரன் அடித்து 5-4 என்று முடித்தார். அந்தத் தொடர் முழுக்க அவர் மட்டை பிடித்தது அந்த ஒரு முறைதான். வீடியோவை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பது எக்கர்ஸ்லி, 2004லேயே போய்விட்டார். கிப்சன் இல்லை, ஒரே வருஷம் பட்டியலில் பெயர் வந்தது, 5 சதவீதம்கூடத் தேறவில்லை. அன்று தோற்றவர் உள்ளே, ஜெயித்தவர் வெளியே. வலித்தாலும் அது நியாயம் என்றுதான் சொல்வேன். எக்கர்ஸ்லியின் 24 சீசன் அந்த ஒரு பந்தைவிடப் பெரியது.

இன்னொரு பக்கம் பில் பக்னர். 1986 வேர்ல்ட் சீரிஸ், 6வது ஆட்டம், பாஸ்டன் ரெட் சாக்ஸின் முதல் பேஸ்மேன். லேசாக உருண்டு வந்த பந்து அவர் கால்களுக்கு நடுவில் போய்விட்டது, மெட்ஸ் ஜெயித்தார்கள். அதற்கு முன்னாலேயே ஸ்கோர் சமனாகியிருந்தது, அதற்கப்புறம் 7வது ஆட்டமும் இருந்தது, அதையும் ரெட் சாக்ஸ்தான் தோற்றது. இதெல்லாம் யாருக்கும் வேண்டாம். 2,715 ஹிட் அடித்த மனுஷனை 20 வருஷத்துக்குமேல் அந்தப் பந்தை வைத்தே பேசினார்கள். 2008ல் பாஸ்டன் மைதானத்துக்கு முதல் பந்து எறிய அழைத்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தக் கொடுமை அமெரிக்காவில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் திருநெல்வேலியில் பிறந்த விஜய் சங்கருக்கு என்ன நடந்தது? 2018 மார்ச் 18, கொழும்பு, பங்களாதேஷுக்கு எதிரான நிதாஹாஸ் கோப்பை ஃபைனல். முஸ்தாஃபிசுர் ஓவரில் பந்து மாட்டாமல் திணறினார், ஊரே திட்டியது. அப்புறம் தினேஷ் கார்த்திக் வந்தார், 12 பந்தில் 34 வேண்டும், 8 பந்தில் 29 அடித்தார், கடைசிப் பந்தில் 5 வேண்டியபோது எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே சிக்ஸ். எங்கள் தெருவில் அன்றைக்கு வெடி போட்டார்கள். நானும் குதித்தேன். அதே விஜய் சங்கர் 2019 மார்ச் 5 அன்று நாக்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி ஓவர் போட்டார், 11 ரன் காக்க வேண்டும். முதல் பந்தில் ஸ்டாய்னிஸ் எல்பிடபிள்யூ, மூன்றாவது பந்தில் ஜாம்பா போல்டு, இந்தியா 8 ரன்னில் ஜெயித்தது. பேட்டிங்கிலும் 46 எடுத்திருந்தார். அந்த வருஷ உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக, புவனேஷ்வர் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போன ஓவரை முடிக்க வந்து, போட்ட முதல் பந்திலேயே விக்கெட். இதை எங்கள் டீக்கடையில் சொல்லிப் பாருங்கள், "ஆமா, அந்த பங்களாதேஷ் மேட்ச்ல..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு.

அப்போ ஜோகிந்தர் சர்மாவை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2007 டி20 உலகக் கோப்பை ஃபைனல், கடைசி ஓவர் அவர் போட்டார், 13 ரன் காக்க வேண்டும், பாகிஸ்தானின் மிஸ்பா தூக்கிவிட, ஸ்ரீசாந்த் பிடித்தார். ஜோகிந்தருக்கு அதுவே கடைசி சர்வதேச ஆட்டம். அவர் பெரிய ஆட்டக்காரர்கள் வரிசையில் இல்லை, ஆனால் அந்த ஓவர் இருக்க வேண்டும். கூப்பர்ஸ்டவுனிலேயே ஆட்களின் முகம் பதித்த பலகைகள் ஒரு கூடத்தில், பந்தும் மட்டையும் சட்டையும் வைத்திருக்கும் அருங்காட்சியகம் தனியாக. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். கணத்துக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு அறை. இரண்டையும் குழப்பினால்தான் வினை.

சரி, சித்தப்பாவுக்கு வருகிறேன்.

1996 பொங்கல் ஃபைனலில் எங்கள் ரைடர்கள் எல்லோரும் வெளியே. களத்தில் சித்தப்பாவும் புதுசாகச் சேர்ந்த ஒரு பையனும். ஒரு பாயின்ட் பின்னால் இருந்தோம், கடைசி ரைடு. சித்தப்பா பாடிக்கொண்டு போனார். ரைடர் மாதிரி ஆடத் தெரியாமல் நேரே கார்னருக்குப் போனார், அந்த லெஃப்ட் கார்னர் எப்போது குனிவான் என்று இவருக்குத் தெரியும், அது இவர் செய்கிற வேலைதானே. அவன் காலுக்கு வர, இவர் காலை இழுத்துக்கொண்டு அவன் முதுகில் ஒரு தட்டு, பாய்ந்து வந்த கவர்காரன் தோளில் ஒரு தட்டு, அப்படியே நடுக்கோட்டில் விழுந்தார். எனக்கு அப்போது பத்து வயசு. பார்த்தேன். மறக்க முடியாது.

ஆனால் அதற்கு முந்தைய எட்டு வருஷமும் பிந்தைய ஐந்து வருஷமும் நான் கேள்விப்பட்டதும் பார்த்ததும் வேறு. மண் தரையில் முட்டி தேய, போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிறவன் கணுக்காலை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்துவிடுவார். மேல் உடம்பை இன்னொருவர் அமுக்குவார். எங்கள் பக்கத்து மணத்தி கணேசன் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடி அர்ஜுனா விருதும் வாங்கினார். அந்தக் காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நல்ல ரைடர்களுக்குக் குறைவே இல்லை. அவர்களில் எத்தனையோ பேர் எங்கள் ஊர் மண்ணில் இடது பக்கம் வரவே யோசிப்பார்கள். சித்தப்பாவின் வலது கை மோதிர விரல் இன்றும் மடங்காது. அது ரைடு போய் வந்த காயம் இல்லை.

கொடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்த தம்பி வீட்டுக்கு வந்தான். பழைய ஆட்டக்காரர்கள் பெயரைக் களத்துப் பக்கத்துச் சாவடிச் சுவரில் எழுதப் போகிறார்களாம், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வேண்டும் என்றான். அவன் தாளில் சித்தப்பாவுக்கு "1996 கடைசி ரைடு நாயகன்" என்று இருந்தது. நான் அதை அடித்துவிட்டு, "லெஃப்ட் கார்னர், 1988 முதல் 2001 வரை" என்று எழுதிக் கொடுத்தேன். அவன் முகம் வாடியது. ரைடு இல்லாமல் எப்படி அண்ணே, ஜனங்களுக்கு அதுதானே தெரியும் என்றான். அவனிடம் மாசரோஸ்கி கதையை முழுசாகச் சொன்னேன். வெயில் சாயும் வரை உட்கார்ந்து கேட்டான்.

சித்தப்பா திண்ணையில் இருந்தார். தாளை வாங்கி, தூரமாகப் பிடித்து, இரண்டு தடவை படித்தார். அப்புறம் தம்பியிடமே திருப்பிக் கொடுத்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் கூட்டாளி பெயரைச் சொன்னார். பத்து வருஷம் அவரோடு ரைட் கார்னரில் நின்றவர், இப்போது வாழைக்காய் லோடு ஏற்றுகிற வேலை. அவர் பெயர் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

"நான் கால வாருனா, மேல விழுந்து அமுக்குனது அவன்தாம்லே. எம்பேரு பக்கத்துல அவன் பேரையும் எழுது. ரெண்டும் ஒரே வரில வரணும்."